கை வெட்டுப்பட்ட ஓடாவியாரைத் திரும்ப வேலைக்கு எடுக்கிறது எப்பிடி?

கோப்பாய்ப் பட்டறை
செவ்வாய், இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் கோப்பாயிலை ஒரு தளபாடப் பட்டறை இருக்கு. பதினொரு பேர் வேலை செய்யினம். அதிலை மூத்த ஓடாவியார் என்னோடை 14 வருசம். ஏழு கிழமைக்கு முன்னம் வட்ட வாளிலை முதிரைப் பலகை பிளக்கேக்கை இடது கை பட்டிட்டுது. சுட்டுவிரலும் நடுவிரலும். விரல் மடக்கிற தசைநார் ரெண்டும் அறுந்து, ஒரு நரம்பும் வெட்டுப்பட்டது. உடனை ஒப்பரேசன் செய்து தைச்சுப்போட்டினம். விரல் தப்பிச்சுது.

போன கிழமை கைக்குப் போட்ட மட்டையைக் கழட்டியாச்சு. கிளினிக்கிலை குடுத்த துண்டிலை "இலேசான வேலை செய்யலாம்" எண்டு ஒரு வரி. அவ்வளவுதான். முதல் மாசம் முழுச் சம்பளமும் குடுத்தனான், ரெண்டாம் மாசம் அரைவாசி. அவர் திங்கக்கிழமை வாறன் எண்டு நிக்கிறார். அவற்றை மனிசி எனக்கு ரெலிபோன் எடுத்து, "தம்பி, இவர் இரவிலை நித்திரை கொள்ளுறேல்லை, வாள் சத்தம் கேட்ட மாதிரி எழும்பி இருக்கிறார்" எண்டு சொல்லுறா.

மரப் பட்டறையிலை இலேசான வேலை எண்டா என்ன? நான் உண்மையாத் தெரியாமல்தான் கேக்கிறன். ஒரு கதவு நிலையே ரெண்டு பேர் தூக்கிற பாரம். ஆவணியிலை ஒரு கலியாணத்துக்குக் கட்டிலும் அலுமாரியும் குடுக்கவேணும். அவரை வா எண்டு சொல்லவும் பயமாக்கிடக்கு, வராதையுங்கோ எண்டு சொல்லவும் வாய் வருகுதில்லை.


சுன்னாகம் இரும்பு
செவ்வாய், இரவு 9:50

தம்பி, முழுசாச் சுகமான பிறகு எடுங்கோ. எனக்குக் கேற், கிறில் அடிக்கிற பட்டறை. முந்தி ஒரு வெல்டிங் பெடியன் முதுகு பிடிச்சு மூண்டு கிழமை நிண்டவன். இரக்கப்பட்டு வெள்ளனக் கூப்பிட்டனான். "நீ சும்மா இரு, பெயின்ற் மட்டும் அடி" எண்டுதான் சொன்னனான். ரெண்டாம் நாள் லொறி வந்து நிக்க, எல்லாரும் கேற் தூக்கிறதைப் பாத்து அவனும் போய்க் கை குடுத்தான். திரும்ப ரெண்டு மாசம் படுக்கை. அவன்ரை அம்மா என்னைத்தான் பேசினவ, பேசினதும் சரிதான்.

பட்டறைக்குள்ளை வந்திட்டா ஒருத்தரும் சும்மா இருக்கமாட்டினம். எங்கடை ஆக்கள் அப்பிடி.


கைச்சிகிச்சை
புதன், காலை 6:35

நான் ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளர். கைக் காயங்கள்தான் என் அன்றாட வேலை. உங்கள் ஓடாவியாரின் கையை நான் பார்க்கவில்லை. அவரைப் பார்க்கும் சத்திரசிகிச்சை நிபுணரின் சொல்தான் கடைசிச் சொல். ஆனால் இப்படியான காயத்தின் பொதுவான போக்கைச் சொல்லலாம், அதைத் தெரியாமல் வேலையைப் பிரிக்க முடியாது.

தைத்த தசைநார் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். முதல் ஆறு கிழமை மட்டை போட்டுக் கட்டுப்பாட்டோடு அசைப்பு. அதன் பிறகு கோப்பை பிடிப்பது, சட்டைப் பொத்தான் போடுவது போன்ற சின்ன வேலை. பலப்படுத்தும் பயிற்சி எட்டுக் கிழமை அளவில் தொடங்கும். இறுக்கிப் பிடிப்பது, பாரம் தூக்குவது பெரும்பாலும் 12 கிழமைக்குப் பிறகுதான். இடையில் ஒருநாள் தெரியாமல் பலகையை இறுக்கிப் பிடித்து இழுத்தால் தையல் அறுந்துபோகலாம், இன்னொரு ஒப்பரேசன் வரும். ஆகவே ஏழாம் கிழமையில் அந்த இடது கை ஒரு தாளை அழுத்திப் பிடிக்கலாம், பலகையைப் பிடிக்கக்கூடாது.

இன்னொரு விசயத்தை முதலாளிமார் யோசிப்பதே இல்லை. நரம்பு வெட்டுப்பட்டது என்றீர்கள். நரம்பு திரும்ப வளர்வது கிட்டத்தட்ட நாளுக்கு ஒரு மில்லிமீற்றர். உள்ளங்கைப் பக்கம் வெட்டு என்றால் விரல்நுனிக்கு 8, 9 சென்ரிமீற்றர் தூரம், அப்படியானால் உணர்வு வரவே கிட்டத்தட்ட மூன்று மாதம் செல்லும், கூடவும் ஆகலாம். அதுவரை அந்த நுனிக்குச் சூடும் தெரியாது, கூரும் தெரியாது. உளி பட்டாலும் இரத்தத்தைக் கண்டுதான் அறிவார். ஒரு வருடத்தில் நல்ல பிடி வந்த பிறகும் இந்த மரத்த தன்மை கொஞ்சம் மிஞ்சலாம்.

அதிர்கிற சாமான்கள், அதாவது சாண்டர், ட்ரில், இப்போதைக்கு வேண்டாம்.

"இலேசான வேலை" என்று எழுதிய மருத்துவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் உங்கள் பட்டறையைக் கண்டதில்லை. நீங்கள் ஒரு தாளில் அங்கே நடக்கும் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள்: எந்தக் கை, எத்தனை கிலோ, எவ்வளவு நேரம், அதிர்வு உண்டா. அடுத்த கிளினிக்குக்கு அவர் அதைக் கொண்டுபோகட்டும். எதற்கு ஓம், எதற்கு இல்லை என்று பக்கத்தில் குறித்துத் தரச்சொல்லிக் கேளுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும், மறுக்கமாட்டார்கள்.

அதோடு, அவர் பட்டறைக்கு எதில் வருகிறார்? மோட்டச்சைக்கிள் என்றால் கிளச் இடது கையில்.


கோப்பாய்ப் பட்டறை
புதன், காலை 7:20

மோட்டச்சைக்கிள்தான். நான் அதை யோசிக்கவே இல்லை. மகன் பள்ளிக்கூடம் போற வழியிலை இறக்கிவிடலாமோ எண்டு கேக்கிறன். இல்லாட்டி எங்கடை ஓட்டோக்காரத் தம்பியைப் பேசலாம்.

நுனிக்குச் சூடு தெரியாது எண்டது எனக்குப் புதுசு. கோந்து காய்ச்சிற வேலையைத்தான் அவருக்குக் குடுக்கலாம் எண்டு நினைச்சு வைச்சிருந்தனான். நல்லவேளை கேட்டன்.


தொழிற்சட்ட வாசகன்
புதன், மாலை 5:05

சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன். நீங்கள் நல்ல மனதோடு சம்பளம் கொடுத்திருக்கிறீர்கள், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் நல்ல மனமும் அவருடைய உரிமையும் வேறு வேறு கணக்குகள்.

இலங்கையில் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலிருந்து இருக்கிறது. வேலையின்போது, வேலையால் ஏற்பட்ட காயத்துக்கு முதலாளிதான் பொறுப்பு. தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பனவு, நிரந்தர இழப்பு மிஞ்சினால் அதன் அளவுக்கேற்ப ஒரு தொகை. உச்சத் தொகை 5 இலட்சத்து 50 ஆயிரமாக இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதை 20 இலட்சமாக உயர்த்தினார்கள். அதே திருத்தம் வேலைக்கு வரும் வழியிலும் திரும்பிப் போகும் வழியிலும் நேரும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது. கைச்சிகிச்சை கேட்ட கிளச் கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது.

அவர் நாட்சம்பளக்காரர், கொந்தராத்துக்காரர் என்று சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. உங்கள் தொழிலுக்காக, உங்கள் பட்டறையில், நீங்கள் சொன்னபடி வேலை செய்தவர் என்றால் அந்தக் கதை நிற்காது. ஒரு தொகையைக் கையில் கொடுத்து, "இனி ஒன்றும் கேட்கமாட்டேன்" என்று கையெழுத்து வாங்கும் வழக்கமும் இருக்கிறது. உரிமையை விட்டுக்கொடுக்கும் அப்படியான உடன்படிக்கை செல்லாது. எந்த உடன்பாடும் நட்டஈட்டு ஆணையாளர் ஊடாகவே போகவேண்டும்.

அடுத்தது அறிவித்தல். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால், அந்த விபத்தை மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். மோட்டர் ஓடும் மரப் பட்டறை அதற்குள் வரும். அறிவித்தீர்களா?

15 பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டம் பொருந்தாது. ஆனால் அதை நம்பி "கை சரியில்லை, நில்" என்று ஒருவரை அனுப்பினால் அவர் தொழில் நியாயசபைக்குப் போகலாம். இது உங்களுக்கு இல்லை, இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு.

கடைசியாக ஒரு கேள்வி, வெளிப்படையாகக் கேட்கிறேன். வாளுக்குக் காப்பு மூடி இருந்ததா?


கோப்பாய்ப் பட்டறை
புதன், இரவு 11:40

இதுக்குப் பதில் எழுதுறதோ விடுறதோ எண்டு ரெண்டு மணித்தியாலம் யோசிச்சனான்.

மூடி இருக்கேல்லை. மெசின் வாங்கேக்கை இருந்தது. தடிச்ச பலகை பிளக்கேக்கை இடைஞ்சல் எண்டு ஆறேழு வருசத்துக்கு முன்னம் கழட்டினது. கழட்டினது அவரில்லை. நான்தான். இப்பவும் சுவர் ஓரத்திலை ஒரு சீமெந்துப் பைக்குப் பின்னாலை கிடக்கு.

விபத்தை அறிவிக்கவும் இல்லை. அப்பிடி ஒண்டு இருக்கெண்டே தெரியாது. நாளைக்குத் தொழில் திணைக்களத்துக்குப் போறன்.

அவர் ஒரு நாளும் அந்த மூடியைப் பற்றிக் கதைக்கேல்லை. ஆஸ்பத்திரியிலை பாக்கப் போன நாள் என்னட்டைச் சொன்னது, "தம்பி, ஓடர் பிந்தப்போகுது" எண்டு.


புடைவைக்கடை அக்கா
வியாழன், மதியம் 1:15

நான் முதலாளி இல்லை, வேலை செய்யிற ஆள். அந்தப் பக்கத்தாலை ஒண்டு சொல்லுறன்.

டவுனிலை ஒரு புடைவைக் கடையிலை ஒம்பது வருசம் நிண்டனான். நிண்டனான் எண்டுறது சும்மா சொல்லுக்கில்லை, காலமை ஒம்பதரையிலை இருந்து இரவு எட்டு மணி மட்டும் நிக்கிறதுதான் வேலை. மேல்தட்டிலை சாரி எடுக்க ஏணியிலை ஏறி, இறங்கேக்கை சறுக்கிக் கணுக்கால் முறிஞ்சது. பிளாஸ்டரோடை ஆறு கிழமை வீட்டிலை. அதிலை முதல் ஐஞ்சு கிழமையும் கடையிலை இருந்து ஒரு ரெலிபோன் கூட இல்லை. ஒருத்தரும் கெட்டவையில்லை. என்னத்தைக் கதைக்கிறது, கதைச்சா காசு கேப்பாளோ எண்டு நினைச்சிருப்பினம். நான் இஞ்சை படுத்துக்கொண்டு, என்ரை இடத்துக்கு வேறை பிள்ளையை எடுத்திட்டினம் எண்டே முடிவுகட்டிட்டன். கால் நோவை விட அந்த நினைப்புத்தான் என்னைத் திண்டது. அம்மா பரியாரியாரட்டைக் கூட்டிக்கொண்டு போய்ப் புக்கை கட்டுவம், வேகமாச் சுகம் வரும் எண்டு நிண்டவ. வேலை போயிடும் எண்ட பயத்திலை நானும் ஓம் எண்டு வெளிக்கிட்டனான். டொக்டர் பேசினதாலை தப்பினன்.

திரும்பிப் போன நாள் முதலாளி ஒரு கதிரை போட்டு, "நீர் இதிலை இருந்து பில் எழுதும்" எண்டார். நல்ல மனுசன். ஆனா மற்றப் பிள்ளையளுக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை. அதுகள் பத்து மணித்தியாலம் நிண்டுகொண்டு என்னைப் பாக்குதுகள். ஒரு கிழமையிலை ஒருத்தி, "எங்களுக்கும் கால் முறிஞ்சா நல்லம்" எண்டு காதிலை விழச் சொன்னாள். அண்டைக்கே கதிரையைத் தள்ளிவைச்சிட்டு எழும்பி நிண்டிட்டன். இப்பவும் மழைக்கு வீங்கும்.

ஆனபடியா அண்ணை, அவர் வாறதுக்கு முதல்நாள் மற்ற ஆக்களை இருத்திக் கதையுங்கோ. எவ்வளவு காலத்துக்கு, என்னென்ன செய்யமாட்டார், அது ஆர் சொன்னது எண்டு. அவருக்கு முன்னாலையே சொல்லுங்கோ.


ரூர் கரை
வியாழன், இரவு 10:30

நான் ஜெர்மனியிலை இருக்கிறன், சொந்த ஊர் உரும்பிராய். தொழிற்சாலையிலை தோள் மூட்டு ஒப்பரேசன் செய்து திரும்பின ஆள்.

இஞ்சை 12 மாசத்துக்குள்ளை ஆறு கிழமைக்கு மேலை ஒருத்தர் சுகவீனமா நிண்டா, எப்பிடித் திரும்பலாம் எண்டு இருந்து கதைக்கிறதுக்கு முதலாளி கூப்பிடவேணும். அது சட்டம். பிறகு டொக்டர் ஒரு திட்டம் எழுதுவார். இதை ஹம்பேர்க் முறை எண்டு சொல்லுவினம். எனக்கு முதல் ரெண்டு கிழமை நாளுக்கு ரெண்டு மணித்தியாலம், பிறகு நாலு, பிறகு ஆறு, பிறகு முழுநாள். அந்தக் காலம் முழுக்க நான் சட்டப்படி இன்னும் சுகவீனக்காரன்தான், காசு காப்புறுதியாலை வரும். ஏலாட்டி நிப்பாட்டலாம், வேலை போகாது.

ரெண்டு மணித்தியாலத்திலை நான் பெரிசா ஒண்டும் செய்து கிழிக்கேல்லை. ஆனா காலமை எழும்பி வெளிக்கிட்டுப் போய், நாலு பேரோடை தேத்தண்ணி குடிச்சு, என்ரை மெசினைத் தொட்டுப்போட்டு வந்தனே, அதோடை வீட்டிலை மனிசியோடை எரிஞ்சு விழுறது நிண்டுது.


சுன்னாகம் இரும்பு
வெள்ளி, காலை 8:05

ரூர் கரை அண்ணைக்கு அங்கை காப்புறுதி காசு குடுக்குது. இஞ்சை அவருக்கும் சம்பளம், அவற்றை வேலையைச் செய்யிற ஆளுக்கும் சம்பளம், ரெண்டும் ஒரே மடியிலை இருந்து போகோணும். கறண்ட் பில் கட்டி, கடன் கட்டி, மாசக் கடைசியிலை என்ன மிஞ்சும் எண்டு பட்டறை வைச்சிருக்கிறவனுக்குத்தான் தெரியும். இதையும் கதைக்கவேணும்.


கோப்பாய்ப் பட்டறை
வெள்ளி, இரவு 9:30

அண்ணை சொல்லுறது பொய்யில்லை. கொப்பியை எடுத்து வைச்சுக் கணக்குப் பாத்தனான். அவர் இல்லாத ஏழு கிழமையிலை ரெண்டு பெடியள் சேந்து வெட்டின தேக்கிலை அளவு பிழைச்சுப் போனது மட்டும் அவற்றை ரெண்டு மாசச் சம்பளத்தைத் தாண்டுது. மரத்தைப் பாத்து எந்தப் பக்கம் வெடிக்கும், எது வளையும் எண்டு சொல்லுற கண் அவருக்கு. அந்தக் கண்ணுக்கு ஒண்டும் நடக்கேல்லை.

காப்புறுதி எடுக்காமல் விட்டது என்ரை பிழை. வேலையாள் நட்டஈட்டுக் காப்புறுதி எண்டு கொம்பனியள் விக்கினம், நான் லொறிக்கு எடுத்தனான், ஆக்களுக்கு எடுக்கேல்லை. இப்ப விசாரிச்சுக்கொண்டிருக்கிறன்.

தொழில் திணைக்களத்துக்குப் போனன். அறிவித்தல் எழுதிக் குடுத்தாச்சு. பிந்தினதுக்குக் காரணமும் எழுதிக் குடுத்தனான்.


சின்ன ஓடாவி
சனி, மாலை 6:45

நானும் மரவேலைதான், வேறை ஒரு பட்டறையிலை. ஒரு விசயத்தை ஒருத்தரும் கேக்கேல்லை. அவர் மாசச் சம்பளமோ, கொந்தராத்தோ? எங்களிலை கனபேர் ஒரு கட்டிலுக்கு இவ்வளவு எண்டு வேலை செய்யிறம். அப்பிடி ஆளை "சும்மா வந்து அளவெடுங்கோ" எண்டு கூப்பிட்டா, கிழமைக் கடைசியிலை அவற்றை கையிலை என்ன இருக்கும்? எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணை தோள் சரிவராமலே சீவுளி பிடிச்சவர். பேராசையாலை இல்லை. தூக்கினாத்தான் காசு.

மற்றது, மூத்த ஓடாவிக்குக் கூட்டிற வேலையைக் குடுத்திடாதையுங்கோ. அவரட்டைப் பழகின பெடியளுக்கு முன்னாலை அவர் தும்புத்தடி பிடிச்சா, அடுத்தநாள் வரமாட்டார்.


கைச்சிகிச்சை
சனி, இரவு 8:20

சின்ன ஓடாவி சொன்னதைப் பெரிதாக எழுதி ஒட்டவேண்டும். கையை அளவுக்கு மீறிப் பாவித்துத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வருபவர்களில் நான் காண்கிற முதல் காரணம் காசு.

நித்திரை இல்லாததை விட்டுவிடாதீர்கள். வாள் சத்தம் கேட்டு எழும்புவதைக் கிளினிக்கில் சொல்லச் சொல்லுங்கள், அதற்கும் உதவி இருக்கிறது. எங்கள் ஊரில் ஆம்பிளைகள் அதைச் சொல்லமாட்டார்கள், மனிசி சொல்லிவிட்டா என்பது நல்ல விசயம். முதல் நாட்களில் வாள் ஓடும் நேரத்தில் அவரை வேறு இடத்தில் வையுங்கள். பிறகு ஒருநாள், ஓடாத வாளுக்குப் பக்கத்தில் போய் நிற்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். அவசரம் வேண்டாம்.


கோப்பாய்ப் பட்டறை
நாலு கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, மாலை 4:10

கனபேர் தனிமடலிலை கேட்டவை, அதாலை எழுதுறன்.

முதல் திங்கள் அவரைக் கூப்பிடேல்லை. நான் வீட்டை போனன். மூடியைப் பற்றி நான்தான் கதையை எடுத்தன். "கழட்டினது நான், அண்ணை" எண்டன். கனநேரம் ஒண்டும் சொல்லேல்லை. பிறகு, "அதை நான் திரும்பப் பூட்டியிருக்கலாம்" எண்டார். "இல்லை, அது உங்கடை வேலையில்லை, என்ரை வேலை" எண்டன். அவற்றை மனிசி உள்ளை போயிட்டா.

கொந்தராத்துக் கணக்கைப் பற்றிச் சின்ன ஓடாவித் தம்பி கேட்டது சரி, பாதி அப்பிடித்தான் குடுத்துக்கொண்டு வந்தனான். விபத்துக்கு முந்தின ஆறு மாசத்தையும் கூட்டிப் பிரிச்சு ஒரு நாள் சம்பளம் பிடிச்சன். ரெண்டு மணித்தியாலம் வந்தாலும் அந்த நாளுக்கு அதுதான் காசு. சேமலாப நிதிக்கும் அந்தக் கணக்கிலைதான் அவற்றை 8 வீதமும் என்ரை 12 வீதமும் போகுது. நட்டஈட்டு அலுவல் தனியாப் போய்க்கொண்டிருக்கு, அதோடை இதைக் குழப்பேல்லை.

வேலைத் தாளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனவர். டொக்டர் இருந்து முழுக்க வாசிச்சவராம். பதினேழு வேலை எழுதினதிலை ஆறுக்குத்தான் சரி போட்டிருந்தார்.

அவர் வாறதுக்கு முதல்நாள் எல்லாரையும் இருத்திக் கதைக்க அக்கா சொன்னவ. அவரும் வந்து இருந்தார். ஒரு பெடியன், "அப்ப எங்கடை பங்குக்குக் கூட வேலை வருமோ" எண்டு நேரையே கேட்டான். ஓம், ஒரு மாசம் வரும், அந்த மேலதிக நேரத்துக்குக் காசு தாறன் எண்டன். அதோடை முடிஞ்சுது.

சுன்னாகம் அண்ணை சொன்ன மாதிரி ஒருநாள் லொறி வந்தது. அவர் எழும்பினார். எழும்பினதைக் கண்டு மூண்டு பேர் ஒரே நேரத்திலை, "அண்ணை, இருங்கோ!" எண்டு சத்தம் போட்டாங்கள். இருந்திட்டார்.


சுன்னாகம் இரும்பு
ஞாயிறு, மாலை 5:00

தம்பி, அந்தத் தாளிலை என்ன எழுதினனீங்கள்? இஞ்சை போடுங்கோ. நான் எனக்கு ஏத்தமாதிரி மாத்தி எழுதுறன். என்ரை பட்டறையிலும் ஒரு ஆள் முழங்கால் நோவோடை வீட்டிலை இருக்கிறார். அவருக்கு நான் இன்னும் ரெலிபோன் எடுக்கேல்லை.


கோப்பாய்ப் பட்டறை
ஞாயிறு, இரவு 7:25

சரி போட்ட ஆறும் இதுதான் அண்ணை. மரம் வாங்கேக்கை கூடவந்து தெரிவு செய்யிறது, தூக்காமல். பலகையிலை அளவு குறிக்கிறது, வலது கையாலை, பலகையைப் பெடியன் பிடிக்கிறது. கீறின படத்தைச் சரிபாக்கிறது. வாடிக்கையாளர் வீட்டை போய் அளவெடுக்கிறது. முடிஞ்ச சாமானிலை பூட்டு, பிணைச்சல், கதவு சரிவருதோ எண்டு பாக்கிறது. ரெண்டு புதுப் பெடியளுக்கு உளி தீட்டிக் காட்டுறது, அவர் வாயாலை சொல்ல அவங்கள் தீட்டிறது.

பிழை போட்டது: வட்ட வாள், பிளேனர், சாண்டர், ட்ரில், சுத்தியல், சீவுளி, கோந்து காய்ச்சல், பொலிஷ், பலகை அடுக்கிறது, லொறி, தும்புத்தடி. தும்புத்தடியை நான் எழுதினனான், இறுக்கிப் பிடிக்கவேணும் எண்டதாலை டொக்டரே வெட்டிவிட்டார்.

முதல் கிழமை ரெண்டு மணித்தியாலம், இப்ப நாலு. வேலை முடியிற நேரத்திலை விரல் வீங்கியிருக்கோ எண்டு பாத்து ஒரு கொப்பியிலை எழுதுறம். வீங்கின நாள் மூண்டு. அடுத்தநாள் அரை மணித்தியாலம் குறைச்சம்.

வாளுக்குப் புது மூடி போட்டாச்சு. பழையது வளைஞ்சிட்டுது. அளவு சொல்லி, எங்கை பூட்டவேணும் எண்டு காட்டினது அவர்தான், ஓடாத நேரம் பக்கத்திலை நிண்டு. ஓடேக்கை இன்னும் வெளியிலை வேப்பமரத்தடிக்குப் போயிடுவார். அடுத்த கிளினிக் 18ஆம் திகதி.

அண்ணை, உங்கடை ஆளுக்கு இண்டைக்கே எடுங்கோ. இப்ப ஏழரைதான், முழிச்சுத்தான் இருப்பார்.